இடித்த வீட்டு மரமும் சென்ட்ரிங் பிளைவுட்டும்: எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?

பாதிச்சுவர் கேட்டது:

வீட்டின் பின்பகுதியை இடித்துக் கட்டி இரண்டு மாதம் ஆகிறது. கட்டடம் முடிந்துவிட்டது, குவியல்தான் முடியவில்லை. "எல்லாம் உங்களுக்கே" என்று ஒப்பந்தக்காரர் பெருந்தன்மையோடு விட்டுப்போன மரச் சாமான் கொல்லையில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது.

இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்ட்ரிங்குக்கு, அதாவது கான்கிரீட் வார்க்கும் அச்சுக்கு, பயன்படுத்திய 12 மி.மீ. பிளைவுட், 8க்கு 4 அடி, 11 தாள். கருஞ்சிவப்பான வழவழப்பு முகம். மேலே சிமெண்ட் ஒட்டியிருக்கிறது, சிலவற்றின் விளிம்பு உப்பியிருக்கிறது. டைல்ஸ் வந்திறங்கிய பேலட், அதாவது சரக்கு அடுக்கும் மரத் தட்டு, 6. இடித்த அறையின் கதவு நிலை 2. சட்டம் 4க்கு 3 அங்குலம், நிமிர்ந்த கால் ஒவ்வொன்றும் 7 அடி. ஓரிடத்தில் சுரண்டிப் பார்த்தேன், ஐந்து நிறம் வந்தது. அந்த வீட்டின் வரலாறே அங்கே இருக்கிறது போலும். உடைந்த அலமாரி ஒன்று, துகள் பலகையின் மேல் மைக்கா ஒட்டியது. கடைசியாக ரீப்பர் என்னும் மெல்லிய சட்டங்கள், பட்டைக் கட்டைகள், முழத்துக்கும் குறைவான துண்டுகள், எண்ணிக்கையில் நூறுக்கு மேல்.

வீட்டுப் பின்சுவரை ஒட்டி 10க்கு 8 அடியில் ஒரு சாய்ப்பு இறக்கிக் கருவி அறை ஆக்க நினைக்கிறேன். உள்ளே ஒரு வேலைமேசை, சில தட்டுகள். கையில் இருப்பவை வட்ட ரம்பம், டிரில், கைவாள், சுத்தியல், அளவு நாடா. நாற்காலி, ஸ்டூல் பழுது பார்த்த பழக்கம் உண்டு. சுவர் நிறுத்தியதில்லை.

சென்ற சனிக்கிழமை முழுவதும் ஆணி பிடுங்கினேன். தேறியது 9 ரீப்பர். "பாம்பு குடிவருவதற்குள் வண்டியில் ஏற்றி அனுப்பு" என்கிறாள் அக்கா. இந்த வேகத்தில் போனால் பாம்புதான் முந்தும். எங்கிருந்து தொடங்குவது?


கோணல்மட்டம் எழுதியது:

நானும் இந்த ஆசையில் விழுந்து எழுந்தவன். இரண்டு பேலட்டைப் பிரித்துச் செருப்பு அடுக்கு ஒன்று செய்தேன். செலவு நான்கு வார இறுதி, மூன்று ரம்பத் தகடு, ஒரு கட்டைவிரல் நகம். பிரித்த பலகையில் பாதி பிளந்துபோயிற்று. அடுக்கு இன்றும் ஆடுகிறது, ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறேன். என் வாக்கு உங்கள் அக்காவுக்கு.


மரத்தூள் எழுதியது:

தம்பி, நான் 31 ஆண்டு உளி பிடித்தவன். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆணியை முதலில் பிடுங்கியதுதான் தவறு. முதல் வேலை தரம் பிரிப்பது. தேறாத கட்டையில் ஆணி பிடுங்குவது செத்த மாட்டுக்கு லாடம் அடிக்கிற கதை. குவியலைக் கலைத்து எல்லாவற்றையும் தரையில் பரப்பு. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து விளிம்பைப் பார். பலகை முகத்தால் பொய் சொல்லும், விளிம்பால் சொல்லாது.

அலமாரியில் தொடங்கு, சீக்கிரம் முடிந்துவிடும். துகள் பலகை ஒரு தடவை நீர் குடித்து உப்பினால் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஒரு தடவை திருகாணி கழன்ற துளையில் மறுபடி திருகினால் பிடிக்காது. கீல், கைப்பிடி, பூட்டு, இழுப்பறையின் சறுக்குத் தடம் இவற்றைக் கழற்றிக்கொள். கதவுப் பலகை நேராக இருந்தால் ஒன்றை வைத்துக்கொள். பசை வேலை செய்யும்போது அடியில் போட்டுக்கொள்ளலாம், மைக்காவில் சிந்தின பசை காய்ந்ததும் உரிந்துவரும். மற்றதை அனுப்பிவிடு, மனம் இளகாதே.

இனி சென்ட்ரிங் பிளைவுட். உன் குவியலில் பொன் இருப்பது இங்கேதான், ஏமாற்றம் இருப்பதும் இங்கேதான். இரண்டு கட்டைமேல் தாளைக் கிடத்தி, சுத்தியல் பிடியின் முனையால் சாண் விட்டுச் சாண் தட்டிக்கொண்டே போ. கணீர் என்றால் உள்ளே ஒட்டு நன்றாக இருக்கிறது. பொத்பொத்தென்று அமுங்கின ஒலி வந்தால் அந்த இடத்தில் அடுக்கு விட்டிருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போடு. வட்டம் விளிம்பை ஒட்டி மட்டும் இருந்தால் அந்த விளிம்பை 2 அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுத் தாளைக் காப்பாற்றலாம். நடுவில் இருந்தால் அதைத் துண்டு போட மட்டும் வைத்துக்கொள்.

அடுத்தது பசை. வெட்டிய விளிம்பில் அடுக்குக்கு அடுக்கு கரும்பழுப்புக் கோடு தெரிந்தால் பெரும்பாலும் ஃபீனால் பசை, நீருக்குத் தாங்கும். கோடு வெளிறியிருந்தால் யூரியா பசையாக இருக்கலாம், ஈரத்தில் கைவிட்டுவிடும். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் மெலமின் கலந்த பசையும் வெளிறித்தான் தெரியும், அது ஓரளவு தாங்கும். நிறத்தை நம்பித் தீர்ப்பு எழுதாதே. ஒவ்வொரு தாளிலும் விரல் நீளத் துண்டு ஒன்றை அறுத்து எண் போட்டு, சமையலுக்கு ஆகாத பழைய டப்பாவில் நாலைந்து மணி நேரம் கொதிக்கவிடு. ஆறியதும் அடுக்குகளின் நடுவே கத்தி முனையைக் கொடுத்து நெம்பு. மரம் கிழிந்தால் பசை நல்ல பசை. பசைக்கோட்டிலேயே மழமழவென்று பிரிந்தால் அந்தத் தாள் வெளிச்சுவருக்கு ஆகாது.

சிமெண்டைச் சுரண்டாமல் ரம்பத்தை வைக்காதே. அகலச் சுரண்டி, பிறகு கம்பித் தூரிகை. சிமெண்டோடு கலந்திருப்பது மணல். ரம்பப் பல்லுக்கு ஆணியைவிட அது பெரிய எமன். முகத்தில் இருக்கும் அந்த வழவழப்பு கான்கிரீட் ஒட்டாமல் இருக்கப் போட்ட பூச்சு. கான்கிரீட்டே ஒட்டாதபோது உன் மரப்பசை ஒட்டுமா? பசை வைக்கிற இடத்தில் அந்தப் பூச்சை முழுவதும் தேய்த்து எடுத்து மரத்தைக் காட்ட வேண்டும்.

நிலைக்கு வருகிறேன். இதைப் படித்ததும் எனக்குக் கை ஊறியது, உண்மை. பழைய நிலை என்றால் பல வீடுகளில் வைரம் பாய்ந்த மரம். விளிம்போரம் வெளிறு, அதாவது வைரம் பாயாத வெளிர்நிறப் பகுதி, தெரிந்தால் அதுதான் பூச்சிக்கு முதலில் இரையாகும். மூலையில் ஒரு சட்டத்தின் கழுந்து முனை மற்றதன் துளைக்குள் சேர்ந்த இடத்தில் மர ஆப்பு இருக்கும். தேடிக் கண்டுபிடித்துப் பின்பக்கமிருந்து தட்டி வெளியேற்று. மூட்டு தானே கழலும். அவசரப்பட்டு மூட்டில் வாளை வைத்தால் ஒவ்வொரு காலிலும் அரை அடி போய்விடும். காலின் அடிப்பகுதியைத் திருப்புளியால் அழுத்து. வெண்ணெயில் போவது போல் இறங்கினால் உளுத்துவிட்டது. பொதுவாக அடியில் 6 அங்குலம் போகும் என்று கணக்கு வைத்துக்கொள்.

ஐந்து நிறம் என்றாயே, அது விளையாட்டு இல்லை. எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் கலந்த காலம் ஒன்று இருந்தது. காய்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்க்காதே, நெருப்பு காட்டி உரிக்காதே. தரையில் பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டு. தூசியைத் தடுக்கும் நல்ல முகமூடி போடு, சும்மா துணியைக் கட்டிக்கொள்வது போதாது. குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. போட்டிருந்த துணியைத் தனியாகத் துவை. நான் இளவயதில் இதையெல்லாம் செய்யவில்லை, அதனால்தான் இத்தனை முறை சொல்கிறேன்.

பேலட்டில் கோணல்மட்டம் எங்கே சறுக்கினார் என்று எனக்குத் தெரியும். பலகையைக் கடப்பாரை போட்டு நெம்பியிருப்பார். பேலட்டில் அடிப்பது பெரும்பாலும் முறுக்கு ஆணி. பிடுங்க வராமல் இருப்பதற்கென்றே செய்தது. ஐரோப்பிய அளவுப் பேலட் ஒன்றில், 1200க்கு 800 மி.மீ. இருக்குமே அதில், 78 ஆணி உண்டு. அத்தனையையும் பிடுங்குவதற்குள் மனிதன் சன்னியாசம் வாங்கிவிடுவான். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே ஆப்பு வைத்து நூலிழை இடைவெளி உண்டாக்கி, இரும்பறுக்கும் வாள்தகட்டை நுழைத்து ஆணியையே அறுத்துவிடு. தலை பலகையில் இருந்துவிட்டுப் போகட்டும். பலகை பிளக்காது.

பிரிப்பதற்கு முன் பேலட்டில் சூடு போட்ட முத்திரையைத் தேடு. கோதுமைக் கதிர் படம் இருக்கும், பக்கத்தில் எழுத்துகள் இருக்கும். எச்.டி. என்றால் சூட்டில் பதப்படுத்தியது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ், 30 நிமிடம். அது தைரியமாக எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாமல் எண்ணெய் வாடையோ நிறம் மாறின கறையோ இருந்தால் எதைச் சுமந்ததோ யார் கண்டார், விட்டுவிடு.

பூச்சி பார்க்க ஒரு எளிய வழி. சந்தேகப்படும் கட்டைகளைக் கறுப்புத் தாளின் மேல் நாலு இரவு வைத்திரு. குண்டூசித் தலை அளவுத் துளையும், அடியில் புது மாவு போல் தூளும் கண்டால் உள்ளே ஆள் இருக்கிறது. அந்தக் கட்டை மற்றவற்றோடு சேரக் கூடாது. துளை மட்டும் இருந்து தூள் விழவில்லை என்றால் குடியிருந்தவர் காலி செய்துவிட்டுப் போயிருக்கலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஆணி. முனைப் பக்கமிருந்து தட்டித் தலையை எழுப்பு, பிறகு சுத்தியல் கவையைக் கொடுத்து, அடியில் ஒரு சிறு கட்டை வைத்து நெம்பு. தலை முறிந்தால் பின்னாலிருந்து ஊசியுளி வைத்து உள்தள்ளி மறுபக்கம் எடு. துருப்பிடித்த திருகாணியின் தலையில் பற்றவைக்கும் மின்சூட்டுக்கோலை இரண்டு நிமிடம் வைத்துப் பார். சூட்டில் விரிந்து துருப்பிடி விடும். கடைசியில் காந்தத்தை நூலில் கட்டிப் பலகைமேல் ஓட்டு. காந்தம் இழுத்த இடத்தில் ரம்பம் போகக் கூடாது.

ரீப்பர் துண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நீளம் பார்த்து அடுக்காதே, கனம் பார்த்து அடுக்கு. ஒரு முழத்துக்குக் குறைந்ததை அனுப்பிவிடு.


பாதிச்சுவர் எழுதியது:

ஐயா, நான் தம்பி அல்ல, தங்கை. உங்கள் மகள் வயது இருக்கும். திட்டியதெல்லாம் அப்படியே இருக்கட்டும், அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் தரம் பிரித்தேன். 11 தாளில் 8 தேறின. இரண்டு நடுவில் பொத்பொத்து. மூன்றாவது, தட்டும்போது கணீரென்றுதான் இருந்தது. பசைக்கோடு வெளிறியிருந்ததால் அதன் துண்டைக் கொதிக்கவிட்டேன். மூன்றாவது மணி நேரத்தில் பழைய புத்தகம் மாதிரித் தாள் தாளாக விரிந்துவிட்டது. அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள். அன்றிலிருந்து கொஞ்சம் மரியாதை.

பேலட்டில் 4க்கு எச்.டி. முத்திரை இருக்கிறது. இரண்டுக்கு ஒன்றும் இல்லை, அதில் ஒன்றில் டீசல் வாடை. நிலைக் கால் நான்கில் ஒன்று அடியில் 5 அங்குலம் உளுத்திருக்கிறது, மற்ற மூன்றும் உறுதி. நால்வரையும் சமமாக 6 அங்குலம் வெட்டிவிட எண்ணம். ஆப்புகள் தட்டியதும் வந்துவிட்டன. இத்தனை ஆண்டுக்குப் பிறகு அந்த மூட்டு முனகாமல் கழன்றதைப் பார்த்து எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கறுப்புத் தாள் சோதனையில் இரண்டு ரீப்பர் மாட்டின.

மூன்று கேள்வி. 12 மி.மீ. பலகையில் தட்டு போட்டால் தொய்யுமா? அதே பலகையில் மேசை செய்ய முடியுமா? கழித்த சாமானை அடுப்பில் எரிக்கலாமா?


பச்சைக்கட்டை எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு மட்டும் நான். பூச்சோ பெயிண்டோ இல்லாத வெறும் மரக்கட்டை என்றால் எரியுங்கள். பிளைவுட், துகள் பலகை, மைக்கா, பெயிண்ட் அடித்த மரம் எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. பசையும் பெயிண்டும் புகையாக உங்கள் மூச்சுக்குள்தான் வரும்.

குவியலில் பச்சை சாயல் தெரியும் கட்டை இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். கறையான் அண்டாமல் இருக்கத் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த கரைசலை அழுத்தி ஏற்றிய மரம் அப்படி இருக்கும். அதை எரித்தால் ஆர்சனிக் சாம்பலில் தங்கும், புகையிலும் போகும். அந்தச் சாம்பலைச் செடிக்குப் போட்டால் கேட்கவே வேண்டாம். ரயில் தண்டவாளத்துப் பழைய கட்டை கிடைத்தாலும் அப்படியே; கருநிறத்தில் தார் வாடை அடிக்கும் அந்தக் கிரியோசோட் எண்ணெய் வீட்டுக்குள் வரக் கூடாத பொருள். வெயிலில் வெளுத்த மரத்தில் பச்சை நிறம் மங்கியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஓரத்தைச் சீவிப் பார்த்தால்தான் சில நேரம் தெரியும்.


மரத்தூள் எழுதியது:

சரி மகளே, தவறு என்னுடையது. "பாதிச்சுவர்" என்ற பெயரில் ஆண் பெண் எங்கே தெரிகிறது?

இப்போது உன் வரைபடத்தைக் கிழித்துப் போடு. 10க்கு 8 என்று தீர்மானித்துவிட்டு மரத்தை அதற்கு ஏற்ப வெட்டினால் மீண்டும் குப்பைதான் சேரும். புது மரம் வாங்குபவர் அப்படிச் செய்யலாம். இருப்பதை வைத்துக் கட்டுபவர் மரத்தைக் கேட்டுத்தான் அறையின் அளவைச் சொல்ல வேண்டும்.

கணக்கு இதுதான். தாளின் நாலு பக்கமும் 2 அங்குலம் வெட்டினால் 7 அடி 8 அங்குலத்துக்கு 3 அடி 8 அங்குலம் மிஞ்சும். அதாவது 92க்கு 44 அங்குலம். எட்டுத் தாளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவா, உப்பாத பக்கத்தையும் சேர்த்து. மூன்று தாளை நிறுத்தி அடுக்கினால் 132 அங்குலம், சரியாக 11 அடி. இரண்டு தாள் 88 அங்குலம், 7 அடி 4 அங்குலம். உன் அறை 11க்கு 7 அடி 4 அங்குலம். நீ கேட்ட அறையைவிடப் பரப்பில் ஓர் இம்மிதான் அதிகம். வெட்டுதான் மிகவும் குறைவு.

முன்சுவருக்கு மூன்று தாள், அதில் ஒன்று கதவு. பக்கச் சுவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, ஆக நாலு. மேசைக்கு ஒன்று. எட்டும் தீர்ந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை, அதனால் ஒவ்வொரு வெட்டுக்கும் முன் இரண்டு தடவை அள.

நிலைக் கால் 7 அடியில் 6 அங்குலம் போனால் 78 அங்குலம். முன்சுவருக்கு வேண்டிய தூண் எத்தனை? மூன்று தாளுக்கு நாலு. உன்னிடம் இருப்பது நாலு. அப்போது முன்சுவரின் உயரமும் 78 தான். வீட்டுப் பக்கம் 92. கூரை 88 அங்குலத்துக்கு 14 அங்குலம் சரியும், தண்ணீர் ஓடப் போதும். முன்சுவர்த் தாள் மூன்றிலும் மேலே 14 அங்குலப் பட்டை வெட்டி வரும். அதைத் தூக்கி எறியாதே, அதுதான் உன் தட்டு.

தொய்வு கேட்டாய். பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். 18 மி.மீ. பலகை 12 மி.மீ. பலகையைப் போல ஒன்றரை மடங்கு கனம்தான், ஆனால் மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பு. அதனால் 12 மி.மீ. பலகையை 3 அடிக்கு ஒரு தாங்கலோடு போட்டுப் பெயிண்ட் டப்பா அடுக்கினால் ஒரே ஆண்டில் ஊஞ்சல் ஆகிவிடும். ஆனால் இடைவெளியைப் பாதியாக்கிப் பார். அடிக்கு இவ்வளவு என்று அதே பாரம் ஏற்றினால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். அதற்காகத்தான் தாளின் நடுவிலும் ஒரு சட்டம் வரும்படி 22 அங்குலத்துக்கு ஒன்று நிறுத்தச் சொல்லப்போகிறேன். தட்டு 22 அங்குலத்துக்கு ஒரு தாங்கலில் உட்காரும். முன்விளிம்பில் பேலட் பலகையிலிருந்து 2 அங்குலப் பட்டி ஒன்றை நிமிர்த்தி அடித்தால் அசையாது.

மேசைக்கு எட்டாவது தாளை நீளவாக்கில் இரண்டாக அறு. 22 அங்குல அகலத்தில் இரண்டு துண்டு, ஒன்றின் மேல் ஒன்று, 24 மி.மீ. நீளத்தைப் பக்கச் சுவருக்கு உள்ளே உட்காரும் அளவுக்குக் குறை. இங்கேதான் பூச்சைத் தேய்க்கச் சொன்னதன் காரணம் வருகிறது. இரண்டையும் சும்மா அடுக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு. பசை போட்டு ஒரே பலகையாக்கினால் எட்டு மடங்கு. சேரும் இரண்டு முகத்தையும் மரம் தெரியத் தேய், பசை பூசு, சாண் விட்டுச் சாண் திருகாணியால் இறுக்கு. நிலையின் மேல்சட்டம் இரண்டு இருக்குமே, அவை முன்கால்கள். பின்பக்கம் சுவர்ச் சட்டத்தில் உட்காரட்டும்.

தாள் தரையைத் தொடக் கூடாது. அடியில் ஒரு வரிசை செங்கல் கட்டு, 6 அங்குலமாவது தூக்கியிரு. வெட்டிய விளிம்புகள் அத்தனையிலும், துளை போட்ட இடத்திலும், எனாமல் இரண்டு கை. பிளைவுட் நீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான்.

செங்கல் வரிசை கட்டுவதற்கு முன் தரையில் நூல் பிடித்து மூலைவிட்டம் இரண்டையும் அள. உன் அறைக்கு அது 158.6 அங்குலம் வர வேண்டும். இரண்டும் சமமாக இல்லை என்றால் அறை கோணல், பிறகு எந்தத் தாளும் பொருந்தாது.

ஒன்று புதிதாக வாங்கு: கூரையின் கைமரம் ஏழு, ஒவ்வொன்றும் 8 அடி 6 அங்குலம். நடுச் சட்டங்களும் புதிதாகவே இருக்கட்டும்.


கோணல்மட்டம் எழுதியது:

இவ்வளவு கணக்கு போட்டுவிட்டுக் கடைசியில் கைமரம் வாங்கச் சொன்னால் எப்படி ஐயா? பேலட்டின் நடுக்கட்டைகளை இரண்டு இரண்டாக இணைத்தால் நீளம் வந்துவிடாதா?


மரத்தூள் எழுதியது:

வந்துவிடும். தலைமேலும் வந்துவிடும்.

தட்டு தொய்ந்தால் டப்பா விழும். கைமரம் முறிந்தால் அடியில் நிற்கிற பெண் மாட்டிக்கொள்வாள். அந்தக் கட்டையின் அடிவயிற்றில் எங்கே கணு இருக்கிறது, எத்தனை ஆணித் துளை, தூக்குவண்டி எத்தனை தடவை முட்டியது என்று உமக்கோ எனக்கோ தெரியாது. நடுவில் ஒட்டுப் போட்ட கைமரத்தில் பலவீனமான இடம் சரியாகப் பாரம் கூடும் இடத்தில் வந்து உட்காரும். நின்று தாங்குகிற வேலைக்குப் பழைய மரம் தாராளமாக ஆகும், அதுவும் உறுதி பார்த்த பிறகு. குறுக்கே கிடந்து சுமக்கிற வேலைக்கு, அதுவும் தலைக்கு மேலே, வரலாறு தெரியாத மரத்தைப் போட மாட்டேன்.

உமது செருப்பு அடுக்கு ஆடுவதற்குக் காரணம் பேலட் இல்லை. பின்னால் குறுக்கே ஒரு பட்டை அடித்தீரா? மூலைக்கு மூலை சாய்வாக ஒன்று அடித்துப் பாரும், அட்டையை எடுத்துவிடலாம்.


பாதிச்சுவர் எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். அறை நிற்கிறது. மழையும் ஒன்று பார்த்துவிட்டது, உள்ளே ஒரு சொட்டு இல்லை.

மூலைவிட்டம் முதல் தடவை 2 அங்குலம் வித்தியாசம் காட்டியது. நூலை மூன்று தடவை நகர்த்திக் கட்டினேன். அதை அளக்காமல் செங்கல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

நீங்கள் சொல்லாத ஒன்று என்னைக் கடித்தது ஐயா. ஆறாவது தாளைச் சுத்தமாகச் சுரண்டி, காந்தம் ஓட்டி, கோடு போட்டு அறுத்துக்கொண்டு போகிறேன். நடுவில் தீப்பொறி, ஒரு வீறல் சத்தம், ரம்பம் பின்னால் எகிறியது. சென்ட்ரிங் கம்பி நுழைத்த துளை ஒன்று சிமெண்டால் நிறைந்து, மேலே பூச்சின் நிறத்திலேயே மறைந்து கிடந்திருக்கிறது. காந்தத்துக்குச் சிமெண்ட் தெரியாது அல்லவா? தகட்டில் இரண்டு பல் போயிற்று. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. மீதித் தாள்களில் விரலால் தடவித் தடவித் தேடினேன். 14 துளை கிடைத்தது. ஒவ்வொன்றையும் பழைய உளியால் குத்தித் தள்ளிவிட்டு மர ஆப்பு அடித்தேன்.

நிலையின் ஐந்து நிறத்தில் நாலைத்தான் சுரண்டினேன். அடியில் இருந்த நீலம் எந்தக் கத்திக்கும் அசையவில்லை; அதன் மேலேயே பெயிண்ட் அடித்து மூடிவிட்டேன். வெட்டிய முனைகளில் மரம் தேன் நிறத்தில் இருக்கிறது, நெருக்கமான வரி. உங்களுக்குப் பிடிக்கும்.

மேசைமேல் ஏறி நின்று பார்த்தேன், அசையவில்லை. தட்டு மூன்றில் இரண்டை அக்கா கைப்பற்றிவிட்டாள். பிடுங்கிய ஆணி ஒரு பெயிண்ட் டப்பா நிறைய இருக்கிறது, இரும்புக்காரரிடம் போட வேண்டும்.

ஒரே ஒரு குறை. கதவை எங்கே நிறுத்தினாலும் நிற்காமல் தானாக முழுவதும் திறந்துகொள்கிறது. தூண் கால் அங்குலம் சாய்ந்திருக்கிறது என்று தூக்குநூல் சொல்கிறது. தூணைக் கழற்ற வேண்டுமா?


கோணல்மட்டம் எழுதியது:

சாய்வுப் பட்டை அடித்தேன். அட்டையை எடுத்தாயிற்று. என் வாக்கைத் திரும்பப் பெறுகிறேன், பாதி மட்டும். நகம் இன்னும் முழுதாக வளரவில்லை.


மரத்தூள் எழுதியது:

துளைச் சிமெண்டைச் சொல்லாமல் விட்டது என் பிழை. எங்கள் காலத்தில் சென்ட்ரிங்குக்குப் பலகைதான் அடித்தோம், தாளில் எனக்குப் பழக்கம் குறைவு. இதைப் படிப்பவர்கள் அவள் எழுதியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகளே, தூணைத் தொடாதே. மேல் கீலின் ஊசியை மட்டும் கழற்று. கல்லின் மேல் வைத்து நடுவில் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வளைந்தால் போதும். திரும்ப அடித்து இறக்கு. இறுக்கமாகப் போகும், பயப்படாதே. கதவு விட்ட இடத்தில் நிற்கும்.